ஜோடி தேடிய சிலிண்டர்

வட ஃபுளோரிடாவின் ஹை ஸ்பிரிங்ஸ் வட்டாரத்தில் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு பூமிக்கடியில் ஓடுகிறது. ஜின்னி ஸ்பிரிங்ஸ் போன்ற ஊற்றுகளின் வாய்வழியாக அந்த நீருக்கடிக் குகைகளுக்குள் டைவ் செய்கிறவர்களில் பலர் முதுகில் இரண்டு காற்றுச் சிலிண்டர்களைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். தலைக்கு மேல் பாறை; மூச்சு முட்டினால் நேரே எழும்ப முடியாது. கெய்ன்ஸ்வில்லில் வேலை பார்க்கும் நண்பருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. தன் பழைய சிலிண்டருக்கு ஜோடி தேடிப் போகிறேன், வருகிறாயா என்றார். போனேன்.

டைவிங் கடையின் பின்கட்டில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, சிலிண்டரின் தோளில் குத்தியிருந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தார். 3ஏஏ என்றால் எஃகு. 2400 என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தம். சோதனைத் தேதியின் பின்னால் கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் கூட்டி 2640 வரை அடைக்கலாம். ஒன்றில் கூட்டல் இருந்து மற்றதில் இல்லையென்றால் இரண்டுக்கும் 2400தான். நீரழுத்தச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை. தேதிகள் வேறாக இருந்தால், ஒன்றின் கெடு முடிந்ததுமே கட்டு முழுவதையும் அவிழ்க்க வேண்டும்.

நடுவே குழாய்தான் இணைக்கிறதே, கொள்ளளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று கேட்டேன். அழுத்தம் சமமாகிவிடும், வாஸ்தவம் என்றார். ஆனால் அந்தக் குழாயின் நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. ஒரு பக்கம் காற்று பீறிட்டால், டைவர் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அதைத்தான் மூட வேண்டும். அப்புறம் மறுபக்கத்துக் காற்று மட்டுமே அவருக்குச் சொந்தம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்பது குகைக்காரர்களின் கணக்கு. குகை டைவர் ஷெக் எக்ஸ்லியின் 1979ஆம் ஆண்டுக் கையேடு வலியுறுத்திய விதி. பெரிய சிலிண்டர் கசிந்து சின்னது மிஞ்சினால், பாதி என்று நம்பியது பாதியாக இருக்காது.

அடுத்து உயரம். ஜோடி மாடு பிடிக்கிறவர் திமிலுக்குத் திமில் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். எஃகுச் சிலிண்டரின் அடி உருண்டை, தானாக நிற்காது. இரண்டையும் மேசையில் கிடத்தி, கழுத்துகளை ஒரு பலகையோடு ஒட்டித் தள்ளி, தோள்களின் மேல் ஸ்கேலை வைத்தார். இணைக்கும் குழாயின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. திருகினால் இரண்டு வால்வும் ஒருசேர விலகும், நெருங்கும். கழுத்துகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் குழாய் கோணிக்கொண்டு உட்கார்ந்து, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கை ஒருபக்கமாக நசுக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் எஃகுப் பட்டைகள் அந்தக் கோணலையும் சேர்த்தே இறுக்கிவிடும்.

நண்பருடையது விஸ்கான்சினின் பிரஸ்டு ஸ்டீல் டேங்க் செய்தது. அவர்கள் டைவிங் சிலிண்டர் செய்வதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மெக்கானிக் முதலில் எடுத்துவந்தது இத்தாலிய ஃபேபர். கொள்ளளவு அதேதான், ஆனால் அடிப்பாகம் ஒரு விரல் உள்ளே நின்றது. ஒதுக்கிவிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. மூலைக்கொன்றாக வாங்கிய பழைய சிலிண்டர்களுக்கு ஒரே கறுப்புப் பெயின்ட் அடித்து, பொருந்திய ஜோடி என்று கூடுதல் விலைக்குத் தள்ளுகிற தரகர்கள் உண்டாம். அவர்களுக்குப் பெயின்ட் டப்பா போதும். பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்த இவருக்குக் கிடைப்பது மணிக்கூலி. கட்டுக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் வாங்குவது கடை. இரண்டு நாள் தேடி, இல்லை என்று கைவிரித்தால் அந்த உழைப்புக்குப் பில்லே கிடையாது. தவறான ஜோடியை வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த வியாபாரத்தில் விலையே வைக்கவில்லை.

கடைசியில் யாரோ கைவிட்டுப்போன அதே கம்பெனிச் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. ஸ்கேல் ஆடவில்லை. சோதனைத் தேதி மட்டும் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சோதனைக்கு அனுப்பினால் ஒரே மாதம் குத்திக் கொடுப்பார்கள் என்றார்.

இளைஞர்கள் பலர் இப்போது பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே தொங்கவிடுகிறார்கள். குழாயும் வேண்டாம், பட்டையும் வேண்டாம். வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டேன். "எடை ஒத்துப்போகாவிட்டால் தண்ணீரில் ஒருபக்கம் சாய்வார்கள். அதற்கு என்னிடம் வருவதில்லை, ஈயக் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள்" என்றார்.