வீட்டில் யார் யார்?

டாலஸ் நகருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கடைத்தொகுதி. ஒரு பக்கம் டோனட் கடை, இன்னொரு பக்கம் பல் மருத்துவர், நடுவில் துப்பாக்கிக் கடை. ஆகஸ்ட் கடைசி வாரம். செப்டம்பர் 1 அன்று வட டெக்சாஸில் புறா வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதனால் நல்ல கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஷாட்கன் தோட்டா வாங்க வரிசையில் நிற்கிறார். துணைக்கு வந்த எனக்கு வேலை எதுவும் இல்லை. சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் கண்ணாடிப் பெட்டி போட்ட மேசை முழுவதும் தெரிகிறது.

மேசைக்குப் பின்னால் நிற்கும் பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நரைத்த மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி, இடுப்பில் தோலுறைக்குள் சொந்தத் துப்பாக்கி. ஆனால் பார்க்க வேண்டியது அவருடைய கைகளை. பெட்டியிலிருந்து ஒரு பிஸ்டலை எடுக்கிறார். மேகசினைக் கழற்றி மேசையில் வைக்கிறார். மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறார். திறந்த தோட்டா அறைக்குள் கண்ணை விட்டுப் பார்க்கிறார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கிறார். சற்று முன் அதே பிஸ்டலை அதே போலச் சோதித்து உள்ளே வைத்தவர் அவர்தான். ஆனாலும் மறுபடி கண், மறுபடி விரல். அதன் பிறகே, முனை வெற்றுச் சுவரைப் பார்த்திருக்க, பிடியை வாடிக்கையாளர் பக்கம் நீட்டுகிறார். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இதில் ஒரு படிகூட விடுபடவில்லை.

ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் அதிகாரி வகுத்த நான்கு விதிகள் பின்சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே எண்ண வேண்டும். அழிக்க மனமில்லாத எதையும் நோக்கி முனையைத் திருப்பக் கூடாது. குறியை நோக்கித் துப்பாக்கி நிலைகொள்ளும்வரை விசையில் விரல் போகக் கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் இதில் எதையும் வாயால் சொல்லவில்லை. கைகளே சொல்கின்றன.

முதலில் ஓர் இளைஞன். இருபத்தொன்று முடிந்து அதிக நாள் ஆகியிராது. அந்த வயது நிறையாதவருக்கு உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். பாயின்ட் 45 தோட்டா போடும் துப்பாக்கி வேண்டும் என்கிறான். 9 எம்.எம். போதாது, ஒரே தோட்டாவில் ஆள் விழ வேண்டும் என்கிறான். பெரியவர் மறுத்துப் பேசவில்லை, கதை சொல்கிறார். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அமைப்பு பெரிய தோட்டாவைத் தேடிப் போனது. முதலில் 10 எம்.எம்., பிறகு பாயின்ட் 40. கால் நூற்றாண்டு கழித்து மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பியது. தோட்டாவின் அமைப்பு மேம்பட்டிருந்தது. உதைப்பு குறைந்தால் பெரும்பாலானவர்கள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பதும் தெரிந்துபோயிருந்தது. "படாத தோட்டா எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, தம்பி?" என்கிறார்.

பேச்சுவாக்கில் பையனின் கையிலிருந்த துப்பாக்கி மெல்ல என் பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. பெரியவர் இரண்டு விரலால் குழலைத் தொட்டு, மறுபடி சுவரைப் பார்க்க வைக்கிறார். பேச்சை நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. பையனின் காது மட்டும் சிவக்கிறது.

கடைசியில் அவன் கிளாக் 19 ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். 15 தோட்டா பிடிக்கும், நடுத்தர அளவு ஆஸ்திரியத் துப்பாக்கி. இங்கே காவலர்கள் இடுப்பிலும் சாதாரண மக்கள் இடுப்பிலும் அதிகம் காணப்படும் வகைகளில் ஒன்று. அடுத்து 4473 எண் படிவம். வாங்குவது உனக்காகத்தானா, குற்றத் தண்டனை உண்டா, கஞ்சா பயன்படுத்துவதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். விவரங்கள் எஃப்.பி.ஐ.யின் சரிபார்ப்புக்குப் போகின்றன. சில நிமிடங்களில் விற்கலாம் என்று பதில் வந்துவிடுகிறது. 1981இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டடிபட்ட ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993இல் வந்த சட்டம் இந்தச் சரிபார்ப்புக்கு அடிப்படை. அவரைச் சுட்ட ரிவால்வர் வாங்கப்பட்டது இதே டாலஸில், ஓர் அடகுக் கடையில். இன்றும் டெக்சாஸில் உரிமம் பெற்ற கடைக்கு வெளியே, ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் இந்தச் சரிபார்ப்பு கட்டாயமில்லை.

2021 செப்டம்பர் முதல் இந்த மாநிலத்தில் 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர், உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொண்டு நடமாடலாம். பயிற்சி கேட்பார் இல்லை. அந்தப் பையன் கடையை விட்டு இறங்கும்போதே இடுப்பில் செருகிக்கொள்ளலாம். கார் ஓட்டத் தேர்வு உண்டு, முடி வெட்ட உரிமம் உண்டு. இதற்கு எதுவும் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்பவன் மட்டும் பேசும் பேச்சல்ல இது. பெரியவரும் ரசீதோடு ஒரு பயிற்சி வகுப்புச் சீட்டை மடித்துப் பையன் கையில் திணிக்கிறார். அவன் அதைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறான்.

அடுத்து ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீல நிற ஆஸ்பத்திரி உடை, கழுத்தில் அடையாள அட்டை. இரவுப்பணி முடித்து நேரே வந்திருக்கிறார் என்பதைக் கண்களே சொல்கின்றன.

"வீட்டுக்கு ஒன்று வேண்டும். அதையே கைப்பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிங்கில் ராத்திரி தனியாக நடக்கிறேன்."

இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது பாதுகாப்பைத்தான். பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது 72 சதவீதம் பேர் அதை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அந்த அம்மாளின் பயத்தைச் சின்னதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இருட்டில், பாதி விளக்கு எரியாத நாலாவது தளத்தில் தனியாக நடப்பவர் அவர், நான் இல்லை.

கண்ணாடிக்குள் கை காட்டுகிறார். இளஞ்சிவப்புப் பிடி போட்ட குட்டி ரிவால்வர், ஐந்து தோட்டா. பெண்கள் வந்தால் பல கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான். பெரியவர் எடுத்துக் கொடுக்கிறார். வழக்கம்போல உருளையைத் திறந்து காட்டிவிட்டு.

"லேசாக இருக்கிறதே!"

"அதுதான் சங்கடம், மேம். எடை அரைக் கிலோகூட இல்லை. சுடும்போது உதைப்பு முழுவதையும் உங்கள் மணிக்கட்டுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். விசையும் கனம்."

வெற்று ரிவால்வரின் விசையை, சுவரைப் பார்த்தபடி, அந்த அம்மாள் இழுத்துப் பார்க்கிறார். ஐந்து கிலோவுக்கு மேல் இழுவை கேட்கும் விசை. முனை ஆடி ஆடிக் கீழே போகிறது. திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்து ஒரு பிஸ்டல். ஸ்லைடு நகரவில்லை. மிளகாய் வற்றலைக் கிள்ளுவது போல இரண்டு விரலால் பிடித்து இழுக்கிறார். கட்டைவிரல் மூட்டு வீங்கியிருப்பது பெஞ்சிலிருந்தே தெரிகிறது. பல வருடம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்த கை. பெரியவர் சொல்லிக் கொடுக்கிறார்: துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டு வாருங்கள், இடது கையால் ஸ்லைடை மேலிருந்து முழுதாகப் பற்றுங்கள், அதை இழுக்காதீர்கள், வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். அரைவாசி வருகிறது. பெரியவர் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி, ஸ்லைடு இழுக்கச் சிரமப்படுபவர்களை மனதில் வைத்துச் செய்தது. இந்த முறை ஒரே தள்ளலில் ஸ்லைடு பின்னால் போய் நிற்கிறது. அந்த அம்மாளின் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

அவர் பணப்பையை எடுக்கப் போகிறார். பெரியவர் பில் போடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோக முடியாதே, மேம். அங்கே தடை. பணி நேரம் முழுக்க இது எங்கே இருக்கும்?"

"காரில்தான்."

"காரை உடைத்து எடுத்துப்போகும் துப்பாக்கிகள்தான் தெருவில் திரும்ப வருகின்றன. சரி, கைப்பையை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?"

"சமையலறை மேசை மேல்."

கைப்பை என்றதும் எனக்கு ஐடஹோ மாநிலச் சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2014 டிசம்பர் இறுதி. கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாய். தள்ளுவண்டியில் இரண்டு வயதுக் குழந்தை. தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கி குழந்தையின் கையில் வெடித்தது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கியைப் பழகியவர், முறையாக உரிமம் வைத்திருந்தவர்.

பெரியவர் அடுத்து கேட்ட கேள்விதான் நான் அந்தக் கடையில் கேட்டவற்றில் முக்கியமானது.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுகிறார். பேரன் இருக்கிறான் என்கிறார். பதினைந்து வயது. நல்ல பையன். அப்பா விட்டுப் போனதிலிருந்து அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அந்த அம்மாள் இரவுப்பணிக்குப் போனால் அவன் தனியாகத்தான் இருக்கிறான்.

பெரியவர் பிஸ்டலை எடுத்து, திறந்து, பார்த்து, தடவி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார். சுவரலமாரியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார். எண் அழுத்தினால் திறக்கும் சிறிய பெட்டகம். தரையிலோ கட்டிலிலோ திருகாணி போட்டு இறுக்கலாம்.

"முதலில் இது. துப்பாக்கியைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம். எண் உங்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அவன் பிறந்த நாளை வைத்துவிடாதீர்கள்."

மேசை ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. பூட்டாத துப்பாக்கியைக் குழந்தைகள் எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது சட்டவிரோதம் என்று எழுதியிருக்கிறது. டெக்சாஸில் துப்பாக்கி விற்கும் கடைகள் வைத்தே ஆக வேண்டிய பலகை. அதற்குக் கீழே, யாரும் வைக்கச் சொல்லி வற்புறுத்தாத ஒரு துண்டுப் பிரசுரம். கடைசி வரியில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண். இந்தப் பிரசுரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2009இல் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கடைக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரும் துப்பாக்கி விற்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, கடைகளில் ஒட்டவும் கொடுக்கவும் பிரசுரங்கள் தயாரித்தார்கள். வாங்க வருபவரின் முகத்தைப் பார், பேச்சுக் கொடு, சந்தேகம் வந்தால் விற்காதே என்று கடைக்காரர்களுக்குச் சொன்னார்கள். வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டை விட்டு அகற்றிவிடு என்று வைத்திருப்பவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு வேறு மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

ஏன் இவ்வளவு கவலை என்றால், 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்கு அஞ்சி வாங்கிய ஆயுதம் திருடன் வராத வீட்டில்தான் அதிகம் கிடக்கிறது. அங்கே வாழ்பவர்களுக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. கெட்ட இரவு ஒன்று விடிந்துவிட்டால் பலருக்கு மனம் மாறிவிடுகிறது. ஒரு பூட்டு தரக்கூடியது அந்த அவகாசத்தைத்தான்.

குழலின் நீளம், தோட்டாவின் விட்டம், மேகசினில் எத்தனை பிடிக்கும் என்பதைப் பற்றி இந்தக் கடையில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஷாட்கன் நல்லதா பிஸ்டல் நல்லதா என்று வரிசையில் நின்ற இருவர் காரசாரமாக வாதாடினார்கள். இங்கே வீட்டுக்குள் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். இரண்டின் குண்டும் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் படுத்திருப்பவர் யார் என்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்து என்ன செய்வது? பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். அவரைப் போலக் கேட்கும் கடைக்காரர்கள் எல்லாக் கடையிலும் இல்லை என்பது என் வருத்தம்.

அந்த அம்மாள் பெட்டகத்துக்குப் பணம் கட்டுகிறார். சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் பெயர் எழுதிக்கொள்கிறார். அங்கே இரண்டு மூன்று துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். "வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பெட்டகத்தில் நகை வைக்கலாம்" என்கிறார் பெரியவர். துண்டுப் பிரசுரத்தை அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த அம்மாளே ஒன்றை எடுத்துப் பெட்டகத்தின் மேல் வைத்துக்கொண்டு போகிறார்.

டெக்சாஸிலும் மற்ற மாநிலங்களிலும் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வாங்குவது அவரவர் உரிமை, அவரவர் முடிவு. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள் இருக்கட்டும், வீட்டில் யாராவது வாடிப்போயிருந்தால் சில மாதத்துக்கு அதை வெளியே கொடுத்து வையுங்கள். மற்றவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறை நாளில் பிள்ளையை நண்பர் வீட்டில் விளையாட விடும்போது நாய் கடிக்குமா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என்றெல்லாம் பேசுகிறோம். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம்.