மலையின் விருந்தினர்

மலையையும் மலைசார்ந்த இடத்தையும் நம் முன்னோர் குறிஞ்சி என்றனர். அந்நிலத்திற்குப் பெயர் தந்த செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. நீலகிரியின் சரிவுகளில் அது 2006-இலும் 2018-இலும் கூட்டமாய்ப் பூத்து மலையை நீலமாக்கியது. அந்த மலையை இரண்டே நாள்களில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற விரைவோடுதான் கோடைதோறும் மக்கள் அங்கே ஏறிச் செல்கின்றனர். மலை காட்டும் பொறுமைக்கும் காண வருவோரின் அவசரத்துக்கும் இடையேதான் உதகை இன்று நிற்கிறது.

உதகைக்குச் செல்லும் வழிகளுள் இந்த அவசரத்திற்கு இடம் கொடாதது மலை இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குள்ள 46 கிலோமீட்டரைக் கடக்க அது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாற்றுக்கு மேல் ஏற்றம் கடுமையாவதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இருப்புச் சட்டங்களைப் பதித்திருக்கின்றனர். இயந்திரத்தின் பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கவ்வி மேலேறும். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என விரியும் அப்பாதை 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாக்குத் தோப்பில் தொடங்கி, ஈரக்காட்டைக் கடந்து, தேயிலைச் சரிவுகளைத் தாண்டிக் குளிருக்குள் நுழையும் அப்பயணத்தில், உயரம் மாற மாற நிலமும் மாறுவதைக் கண்ணால் காணலாம். சுற்றுலாவின் முதற்பாடம் அது.

உதகையில் இறங்கியவர் வழக்கமாய்ச் செல்லும் இடங்கள் மூன்று: ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா. இவற்றுள் முதல் இரண்டும் மனிதர் ஆக்கியவை. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். கோத்தகிரிக்கு அருகே முதலில் தங்கிய அவர், 1822-இல் உதகையில் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கும் அவ்வீடு எழுந்த இடம் தோடர்களுடையது. தோடர் தம் குடியிருப்பை மந்து என்பர். உதகமண்டலம் என்ற பெயரின் ஈற்றில் அம்மந்தே ஒலிக்கிறது என்பது அறிஞர் கருத்து. ஏரியை உருவாக்கியவரும் சல்லிவனே. பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் கையால் உருப்பெற்றது. கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று அங்கே உண்டு. அதன் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் என்பர். மூன்றாவதான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் மேகத்தோடு உறவாடும் சிகரம்.

இவை யாவும் காணத்தக்கவை. ஆயினும் இவற்றை மட்டும் கண்டு திரும்பியவர் நீலகிரியைக் கண்டார் என்று சொல்ல இயலாது. மலையின் இயல்பான முகம் சோலைக்காடும் புல்வெளியும். மேடுகளில் புல் படர்ந்திருக்க, மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். அம்மரங்களின் கிளைகளில் பாசியும் அடியில் உதிர்ந்து மக்கிய இலைப்படுகையும் இருக்கும். பெய்யும் மழையைப் புல்லும் இலைப்படுகையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களில் சிறுகச் சிறுக ஊற்றாய் விடுவிக்கின்றன. பைக்காராவும் மோயாறும் பவானியும் அப்படித்தான் வற்றாமல் ஓடுகின்றன. மோயாறு பவானியில் சேர, பவானி காவிரியில் சேர்கிறது. மலையின் மேல் ஒரு புல்வெளி அழிந்தால் அதன் இழப்பு ஈரோட்டுக் கழனி வரை எட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் கொண்டுவரப்பட்டன. அவை விரைந்து வளர்ந்து புல்வெளிகளைப் பெரிதும் மூடிவிட்டன. ஓங்கிய தைல மரங்களின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணி, அதையே இம்மலையின் பழங்காடு என்று எண்ணுகிறார். கூடலூர்ச் சாலையில் திரைப்படங்களால் புகழ்பெற்ற ஒன்பதாவது மைலின் புல்மேட்டைப் படப்பிடிப்புத் தளமாகவே அறிகிறார். உண்மையில் அவர் காலடியில் இருப்பதுதான் மலையின் பழைய நிலம்.

பார்ப்பதற்கு அடுத்தது தங்குவது. அரசின் தமிழ்நாடு ஹோட்டல் முதல் பேருந்து நிலையத்தையொட்டிய எளிய விடுதிகள் வரை, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்கள் முதல் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் வரை, உதகையில் எல்லாத் தகுதியினர்க்கும் இடம் உண்டு. அறையின் வாடகையையும் சாளரத்தின் காட்சியையும் கேட்டறியும் பயணி, குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. நகரின் குடிநீருக்குப் பெரிதும் துணைநிற்பது பார்சன்ஸ் பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கம். தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் அதன் நீர் தாழ்ந்திருக்கும். கூட்டம் பெருகுவதும் அம்மாதங்களில்தான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90,000-க்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அவ்வூரில், விருந்தினர் திறந்துவிடும் ஒவ்வொரு குழாயும் ஊராரின் குடத்தோடு பங்கு கொள்கிறது.

கட்டடத்தின் இடமும் கேட்டறிய வேண்டியதே. மலைநகரங்களுக்கென 1993-இல் வகுக்கப்பட்ட விதிகள் கட்டடங்களின் உயரத்தை ஏழு மீட்டருக்குள் அடக்குகின்றன. காட்சி அழகுக்காகச் சரிவை வெட்டி எழுப்பும் கட்டடம், மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியின் சரிவுகள் பல இடங்களில் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையின் வடபுறம் முதுமலையையொட்டிய தாழ்நிலத்தில் வேறொரு சிக்கல். யானைகள் வழிவழியாக நடந்த தடத்திலேயே தங்குவிடுதிகள் பெருகின. அத்தடத்தை யானைகளுக்கே உரியதாக்கிய அரசின் அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. படுக்கையறையிலிருந்தே யானையைக் காணலாம் என்று ஆசை காட்டும் விடுதி, பெரும்பாலும் யானையின் வழியில்தான் நிற்கும்.

இதனால் யாரும் மலைக்கு வரவேண்டா என்று சொல்லிவிட முடியுமா? குதிரை நடத்துபவர், வர்க்கி சுடுபவர், சாலையோரத்தில் காரட் விற்பவர், அறை துடைப்பவர், ஊர்தி ஓட்டுநர் எனப் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு வருவோரை நம்பியே எரிகிறது. தோடர் பெண்கள் கறுப்பும் சிவப்புமாய்ப் பூவேலை செய்யும் போர்வைக்கும் விருந்தினரே சந்தை. வராமை ஒரு தீர்வாகாது. வரும் முறைதான் மாற வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில் உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்கும் அளவு ஒன்று உண்டு என்பதைச் சட்டம் எண்ணால் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

எண்ணால் சொல்ல இயலாதது பண்பு. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விருந்தாகச் செல்பவரின் கடமைக்குத் தனி அதிகாரம் இல்லை. வீட்டுக்கு வருபவர் தம் அளவை அறிந்து நடப்பார் என்ற நம்பிக்கை அன்று இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரியவராய் இன்றும் ஒருவர் மலைக்குச் செல்லலாம். கோடையை விட்டுக் கூட்டம் குறைந்த மாதம் ஒன்றைத் தேரலாம். பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக, குன்னூரிலோ கோத்தகிரியிலோ உரிமம் பெற்ற சிறு விடுதியில் மூன்று நாள் தங்கி இரண்டு இடங்களை நின்று பார்க்கலாம். நெகிழிப் புட்டியைத் தவிர்த்துத் தம் குவளையில் நீர் நிரப்பிக்கொள்ளலாம். சோலையின் ஓரத்தில் சற்று நேரம் பேசாமல் நிற்கலாம். இலைப்படுகையின் அடியில் நீர் கசியும் ஓசை அப்போதுதான் கேட்கும்.

குறிஞ்சி அடுத்துப் பூப்பது 2030-இல். அதைக் காணச் செல்வோர்க்கு அப்பூ நிற்கும் சரிவு மிஞ்சியிருக்குமா என்பதை, இடைப்பட்ட ஒவ்வொரு கோடையிலும் மலையேறும் விருந்தினரே முடிவு செய்கின்றனர்.