வண்டிக்கு வேலை இருக்கும் ஸ்டேஷன்

ரயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போவது சென்னை சென்ட்ரலுக்கு. 1873இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் பார்க்க அதைப் போல் ஏமாற்றும் இடம் வேறு இல்லை. தண்டவாளம் அங்கே முடிந்துபோகிறது. வருகிற வண்டி ஊர்ந்து வந்து நிற்கும். போகிற வண்டி ஊர்ந்து வெளியேறும். கடந்து போவது என்பதே கிடையாது. போதாததற்கு, நீங்கள் நிற்கிற இடத்தில்தான் ஒரு குடும்பம் பத்துப் பெட்டிகளை இறக்கி வைக்கும்.

எழும்பூர் அதைவிடப் பரவாயில்லை. 1908இல் கட்டியது. வண்டிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற முடியும். 1931இல் மின்மயமான கடற்கரை – தாம்பரம் தடம் இதன் வழியாகத்தான் போகிறது. மின்வண்டிகள் ஓயாமல் வந்துபோகும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம். ஆனால் அங்கே காத்திருக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதற்குப் பெயர் காத்திருப்பா?

வருஷக்கணக்காகப் பல ஊர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. மலை, ஆறு, பழைய கட்டடம் இவையெல்லாம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அவை ஒரு ஸ்டேஷனைப் பார்க்கத்தக்கதாக ஆக்குவதில்லை. வண்டிக்கு அங்கே ஏதாவது வேலை இருக்க வேண்டும். எதிர்வண்டிக்கு வழிவிடுவது, எஞ்சின் மாற்றுவது, பின்னால் தள்ள இன்னொரு எஞ்சினைக் கோப்பது, தண்ணீர் பிடிப்பது என்று எதுவானாலும் சரி. வேலை இருக்கும் ஸ்டேஷனில்தான் மனிதர்கள் வெளியே வருவார்கள், சிக்னல்கள் பேசும், காத்திருப்புக்கு ஒரு கதை கிடைக்கும். ஆட்களை ஏற்றி இறக்க மட்டும் நிற்கும் ஸ்டேஷன் என்னைப் பொறுத்தவரை பஸ் ஸ்டாண்டுதான்.

இதற்குத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் நல்ல இடம் பழைய மெயின் லைன். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் தடம். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் இரட்டைப் பாதை ஆகிவிட்டதால், தெற்கே போகும் பெரும்பாலான வண்டிகள் அதில் பறந்துவிடுகின்றன. மெயின் லைன் மின்மயமாகிவிட்டாலும் ஒற்றைப் பாதையாகவே இருக்கிறது. சோழன் எக்ஸ்பிரஸும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் இதில்தான் போகின்றன. எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். அதுதான் கிராசிங். சீர்காழி, ஆடுதுறை, பாபநாசம் போன்ற ஊர்களின் பிளாட்பாரத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், ஒரு கிராசிங்காவது வாய்க்கும்.

கிராசிங்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். முதல் தடயம் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிறது: பக்கத்து ரோட்டில் கேட் சாத்துவார்கள். பைக்குகள் ஹாரன் அடிக்க ஆரம்பிக்கும். இரண்டாவது, ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் மணிச் சத்தம். பக்கத்து ஸ்டேஷனும் இந்த ஸ்டேஷனும் அந்த மணியைத் தட்டித்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். 'லைன் கிளியர்' கேட்பதும் கொடுப்பதும் அதைத் தொடர்ந்து நடக்கும். மூன்றாவதுதான் சிக்னல். பிளாட்பாரத்தின் முனையில் நிற்கும் ஸ்டார்ட்டர் சிக்னல்களைக் கவனியுங்கள். நேர் பாதையான மெயினுக்கு ஒன்று, ஒதுங்கும் பாதையான லூப்புக்கு ஒன்று. லூப்பின் விளக்கு சிவப்பிலேயே இருக்க, மெயினின் விளக்கு பச்சைக்கு மாறிவிட்டால், ஒரு வண்டி நிற்காமல் போகப் போகிறது என்று அர்த்தம். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் அந்த விளக்கு எந்த முனையில் மாறியது என்பதிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு போன் ஆப்பில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே உட்காருவது, முடிவு தெரிந்த கிரிக்கெட் மேட்சை மறுஒளிபரப்பில் பார்ப்பது போலத்தான். ஊருக்குப் போகும்போது ஆப் பார்க்கலாம். ரயில் பார்க்கப் போகும்போது வேண்டாம்.

முதலில் கூட்ஸ் வரும். லூப்புக்குள் மெதுவாகத்தான் நுழைய முடியும், தடம் பிரியும் பாயிண்ட்டில் ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும் சத்தம் தனித்தனியாகக் கேட்கும். நீளநீளமாக ஒட்டவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு ஓடும் பாதையில் அந்தப் பழைய 'தடக் தடக்' போய்விட்டது. இப்போது அது மிச்சமிருப்பது இந்தப் பாயிண்ட்டுகளில்தான். வண்டி நின்றுவிடும். எஞ்சினின் காற்றாடிகள் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். உதவி லோகோ பைலட் கீழே இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு யாருக்கும் எந்த வேலையும் இல்லாத கொஞ்ச நேரம் வரும். எனக்குப் பிடித்ததே அந்த நேரம்தான். டீ குடிக்கலாம்.

அடுத்து எக்ஸ்பிரஸ். தண்டவாளம் லேசாகச் சிலிர்ப்பதை உங்கள் காது முதலில் பிடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நிற்பார். வண்டியின் மறுபக்கத்தில் பாயிண்ட்ஸ்மேன் இன்னொரு கொடியோடு நிற்பார். இது வெறும் மரியாதை இல்லை. கடக்கும் வண்டியில் ஏதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா, கதவு திறந்து ஆடுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க ஆள் வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு தன் கொடியைக் காட்டுவார். அவருடைய பதவிக்கு 2022இல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். பிளாட்பாரத்தில் அவர் இன்னும் கார்டுதான்.

நாமெல்லாம் எஞ்சினைப் பார்ப்போம். ஸ்டேஷன் மாஸ்டரின் கண் கடைசிப் பெட்டிக்குத்தான் போகும். அதன் முதுகில் பெரிதாக எக்ஸ் குறி இருக்கும், 'எல்.வி.' பலகை மாட்டியிருக்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, நடுவழியில் எந்தப் பெட்டியும் அறுந்து நிற்கவில்லை என்பது உறுதி. அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் பாதை காலி என்று பின்னால் இருக்கும் ஸ்டேஷனுக்குச் சொல்ல முடியும். இது தெரிந்த நாளிலிருந்து நானும் கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை.

பலரும் எக்ஸ்பிரஸ் போனதும் கிளம்பிவிடுவார்கள். இருங்கள். எக்ஸ்பிரஸ் வந்த பாதையில் இப்போது கூட்ஸ் போக வேண்டும். லூப் ஸ்டார்ட்டர் மாறும். எஞ்சின் மெல்ல இழுக்கும்போது கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகும். அந்த இரும்புச் சத்தம் எஞ்சினிலிருந்து கார்டு வேன் வரை, உங்களைத் தாண்டி, வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும். ரயில்வேயில் நான் கேட்ட சத்தங்களில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

முன்பு இதில் டோக்கனும் உண்டு. ஒற்றைப் பாதையில் போகும் உரிமைச் சீட்டு மாதிரி ஓர் இரும்புப் பந்து. அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டுவார்கள்; டிரைவர் ஓடும் வண்டியிலிருந்தே கையை விட்டு வாங்கிக்கொள்வார், பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். கைகாட்டி மரங்களும் இருந்தன. இரண்டுமே பெரும்பாலும் போய்விட்டன. இப்போதைய விளக்குச் சிக்னல் பாதுகாப்பானது, அதில் சந்தேகமில்லை. கைகாட்டி இறங்கும் 'டொக்' சத்தத்தை மட்டும் அது தராது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒரு கேள்வி தப்பாது.

"அண்ணே, எந்த வண்டிக்கு?"

"எந்த வண்டிக்கும் இல்ல தம்பி, சும்மா பாக்க வந்தேன்."

கேட்டவர் ஒரு நிமிடம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் போலீஸைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதனால்தான் பிளாட்பாரம் டிக்கெட் கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். அது முடிந்தால் இன்னொன்று வாங்குங்கள். ஒரு டீக்குமேல் ஆகாது.

மலை வேண்டும் என்பவர்களுக்குச் செங்கோட்டை. சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை பிளாட்பாரத்துக்கே இறங்கி வந்தது போல் தெரியும். ஆனால் நான் அங்கே போவது பேங்கருக்காக, அதாவது பின்னால் தள்ளும் எஞ்சினுக்காக. இங்கிருந்து கொல்லம் போகும் தடத்தில் 1904லேயே மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் நிறுத்தி, 2018இல் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் புகுந்து, ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை மலைப்பாதை. ஏற்றம் கடுமை. அதனால் செங்கோட்டையில் வண்டியின் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கோப்பார்கள். முன் எஞ்சின் இழுக்கும், பின்னது தள்ளும். அந்த எஞ்சின் ஓரத்தில் நின்று காத்திருப்பது, பின்னோக்கி வந்து மெல்ல முட்டி இணைவது, ஊழியர் குனிந்து குழாய்களை மாட்டுவது எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடக்கும். பயணிகளில் பலர் அப்போது வடை வாங்கிக்கொண்டிருப்பார்கள். பிளாட்பாரத்தின் பின்முனையில் நிற்பவருக்குத்தான் இது கிடைக்கும். முன்முனையில் எஞ்சினோடு செல்ஃபி எடுப்பவருக்குக் கிடைக்காது.

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் வந்தது. பல்சக்கரம் பிடித்து ஏறும் பாதை. அங்கேயும் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். எல்லோரும் உதகமண்டலம் வரை ஏறுகிறார்கள். பார்க்க வேண்டியது ஹில்குரோவ். எஞ்சின் அங்கே நின்று தண்ணீர் குடிக்கும். குரங்குகள் உங்கள் பிஸ்கட்டைப் பிடுங்கும். நீராவியையும் கரிப்பிசுக்கையும் பக்கத்தில் நின்று பார்க்க அந்தச் சில நிமிடங்கள் போதும்.

வேகம்தான் வேண்டும் என்றால் ஜோலார்பேட்டை. 1864இல் பெங்களூருக்குக் கிளை பிரிந்த நாளிலிருந்து ஜங்ஷன். ஏலகிரி மலை பின்னால் நிற்க, கோவைப் பக்கத்து வண்டியும் பெங்களூர் வண்டியும் கூட்ஸும் மாறி மாறி வரும். வந்தே பாரத் போன்றவை நிற்காமல் கடக்கும்போது மஞ்சள் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். மின்சார வண்டி டீசலைப் போல் தூரத்திலேயே சத்தம் போட்டு எச்சரிக்காது.

இனி ஒரு வேண்டுகோள், ரயில்வேக்கு. ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும்போது பிளாட்பாரக் கடைசியில் இருக்கும் அந்தப் புங்க மரத்தையும் வேப்ப மரத்தையும் விட்டுவையுங்கள். அவற்றின் கீழே இருக்கும் சிமென்ட் பெஞ்சையும் விட்டுவையுங்கள்; வெயிலில் காயும் இரும்பு நாற்காலியில் மதியம் யாரும் உட்கார முடியாது.

வாசகர்களுக்கும் ஒன்று. மெயின் லைனில் இரட்டைப் பாதை வேண்டும் என்று டெல்டாக்காரர்கள் கேட்பது நியாயம். கிராசிங்குக்காக அரைமணி நேரம் பாசஞ்சரில் வெந்துகொண்டிருப்பவருக்கு என் ரசனையால் என்ன லாபம்? இரட்டைப் பாதை வரட்டும், வரவும் வேண்டும். வந்துவிட்டால் சீர்காழியில் எந்த வண்டியும் எதிர்வண்டிக்காக ஒதுங்கி நிற்காது. அதற்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டு வாருங்கள்.