உணவும் உடற்கடிகாரமும்

எலி, இரவில் இரைதேடிப் பகலில் உறங்கும் இயல்பினது. ஆயினும், பகலில் ஒரு குறித்த வேளையில் மட்டும் உணவளித்து வந்தால், சின்னாளில் அவ்வியல்பு மாறுகின்றது. உணவு வருமுன்னரே அது விழித்தெழுந்து பரபரப்புடன் ஓடித் திரியும். நாளுக்கு ஒருமுறை உணவு பெற்ற எலிகளின் இம்முன்னறிவை, அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகர அறிஞர் கர்ட் ரிக்டர் 1922-ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தார்.

எலி வேளையை அறிவது எவ்வாறு? அதன் மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் தொகுதி ஒன்று, ஒளிக்கேற்பப் பொழுதை அளக்கின்றது. இதனை இழந்த எலிகள் நடமாட்டத்தின் அன்றாட ஒழுங்கை இழந்தன என்பது 1972-இல் புலனாயிற்று. ஆயினும், அவை உணவு வேளையை மட்டும் மறக்கவில்லை என்பதை 1979-இல் ஆய்வாளர் கண்டு வியந்தனர். எனவே, உணவை நோக்கும் கடிகாரம் உடலில் வேறாக உண்டு என்பது தெளிவாயிற்று.

2001-இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையை உணர்த்திற்று. பகலில் 4 மணி நேரம் மட்டுமே உணவு பெற்ற எலிகளின் கல்லீரற் கடிகாரம், இரண்டே நாளில் 10 மணி நேரம் பெயர்ந்தது. மூளைக் கடிகாரமோ ஒளியையே பற்றி நின்றது. ஓருடலில் இரு கடிகாரங்கள் இருவேறு பொழுது காட்டின! தலைவன் ஒரு வழியும் ஏவலர் மறுவழியும் செல்லும் இல்லம் போலாயிற்று அவ்வுடல்.

இரவெல்லாம் விழித்துழைத்து நள்ளிரவில் உண்ணும் தொழிலாளரின் நலம் பேண முயல்வோர்க்கு, இச்சிற்றுயிர் காட்டிய உண்மை பெரிதும் துணைசெய்கின்றது. உண்ணும் அளவினைப் போலவே உண்ணும் பொழுதும் போற்றத்தக்கதாகும்.