நடுவட்டத்து அம்மாயி

2009இல் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கத்துச் சந்து ஒன்றில் ஹாஸ்டல்வாசம். அறைக்கு நாலு கட்டில். காலையில் ஜாவா வகுப்பு, மாலையில் டெஸ்டிங், இரண்டு வேளையும் கோங்குரா பச்சடி. ஊர் எது என்று யார் கேட்டாலும் "ஊட்டி" என்பேன். நிஜத்தில் என் ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் ரோட்டில், பைக்காராவையும் தாண்டிப் போக வேண்டும். டான்டீ தோட்டத்து லைன் வீட்டில், அம்மாவைப் பெற்றவள்தான் என்னை வளர்த்தாள். அவளை அம்மாயி என்று கூப்பிடுவோம்.

அம்மாயி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சாஸ்திரியும் சிறிமாவோவும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரித்துவிடப்பட்டு, கப்பலேறி, மண்டபம் முகாமில் நாள் எண்ணி, மலையேறியவள். அப்படி வந்தவர்களுக்காக அரசு போட்ட தோட்டங்கள்தான் பின்னாளில் டான்டீ ஆயின. இதையெல்லாம் ஹாஸ்டலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டில்காரர்களில் ஒருவனுக்கு குண்டூரில் மிளகாய் மண்டி. இன்னொருவனின் அப்பா கம்மத்தில் வக்கீல். "எங்களுக்கு டீ எஸ்டேட்" என்று ஒருநாள் சொல்லி நிறுத்தினேன். மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

கம்மத்துக்காரன் ஊட்டி பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டான். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று இரண்டு நாள் சுற்றிக் காட்டினேன். எஸ்டேட் எங்கே என்றான். கவாத்து நடக்கிறது, இப்போது போக முடியாது என்றேன். கவாத்துக்கும் விருந்தாளிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை.

திரும்புவதற்கு மைசூர் பஸ். அது நடுவட்டம் வழியாகத்தான் போயாக வேண்டும். பனிமூட்டத்தில் பஸ் நின்றது. நான் மஃப்ளரை மூக்குவரை ஏற்றினேன். ஜன்னலுக்கு வெளியே, இடுப்பில் படங்கு கட்டியபடி பக்கத்து வீட்டு அத்தை.

"என்னா தம்பி, அம்மாயிய பாக்காமயே போறியா?"

"அவசர வேலை அத்தை. அடுத்த மாசம் வர்றேன்."

கம்மத்துக்காரனுக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. தெலுங்கில் அம்மாயி என்றால் இளம்பெண். "எவரு ரா ஆ அம்மாயி?" என்று விலாவில் இடித்தான். ஒரு நொடி போதும், விளக்கியிருக்கலாம். சிரித்துவைத்தேன். கிழவியைக் காட்டுவதைவிட ஒரு காதலி இருப்பதாகக் காட்டிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் அறையில் என்னை ஓட்டுவதற்கு நடுவட்டத்து அம்மாயிதான். நானும் வெட்கப்படுவதுபோல் நடித்தேன்.

மறுவருஷ மழையில் எனக்குக் குளிர்காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் மலேரியா. கம்பளிக்குள் பல் கிட்டித்துக் கிடந்தபோது செல்லில் 'அம்மாயி' என்று ஒளிர்ந்தது. கம்மத்துக்காரன் பாய்ந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். "ராசா, கொயினா குடுத்தாங்களா? கசக்குதுன்னு துப்பிராத" என்று எழுபது வயதுக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவன் செல்லை என் காதருகே வைத்து, "மாட்லாடு, அம்மம்மா" என்றான். அதோடு சரி. கேலி பண்ணியிருந்தால் தேவலை.

எனக்குக் கொடுத்தது குளோரோகுயின். ஆலையில் செய்யும் சரக்கு, கொயினாபோல சிங்கோனா மரப் பட்டையிலிருந்து வருவதில்லை. ஆனால் அம்மாயிக்குக் காய்ச்சல் மாத்திரை எல்லாமே கொயினாதான்.

உடம்பு தேறியதும் அவன் என்னை பைக்கில் ஏற்றி பேகம்பேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நிறுத்தினான். ஹாஸ்டலிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த இடம். உசேன் கான் என்ற காய்ச்சல்காரரைக் கடிக்கவிட்டு, கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கொடுத்தாராம். பிறகு நானாகத் தேடிப் படித்தபோது இன்னொன்று கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் ராஸ் விடுப்பில் ஊட்டி வந்து, சீகூர் பள்ளத்தாக்கில் இறங்கி, தானே மலேரியாவில் படுத்திருக்கிறார்.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனா எங்கள் மலை மரம் இல்லை. ஆண்டிஸ் மலைத்தொடரின் சரிவுகளில் வளர்வது; பெரு நாட்டின் சின்னத்திலேயே அந்த மரம் இருக்கிறது. எக்வடோரில் சிம்போராசோ எரிமலையின் அடிவாரத்தில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் 1860இல் திரட்டிய செம்பட்டை வகையின் விதையும் நாற்றும் கடல் கடந்து வந்து, ஊட்டிப் பூங்காவைக் கவனித்துவந்த மெக்ஐவர் கையில் பிழைத்தன. பிறகு நடுவட்டத்தில் தோட்டம். அங்கே வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறை இன்றும் நிற்கிறது. சின்ன வயதில் அதன் திண்ணையில் கோலி ஆடியிருக்கிறேன். மரம் கப்பலில் வந்தது, கைதிகளும் கப்பலில்தான், அம்மாயியும் அப்படியே. இந்த ஊரைத்தான் நான் மஃப்ளருக்குள் ஒளித்தேன்.

டிசம்பரில் அவனை நடுவட்டத்துக்கே கூட்டிப்போனேன். அம்மாயி அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். லைனுக்குப் பின்னாலிருந்த கிழட்டு சிங்கோனாவில் கத்தியால் விரல்நீளப் பட்டை சீவி, "நாக்குல வச்சுப் பாரு" என்றாள். மேல்பக்கம் சாம்பல், உள்ளே செங்கல் நிறம். வைத்தவன் கண் பிதுங்கி, அடுப்படிக்கு ஓடி ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டான். அம்மாயி சிரித்துச் சிரித்து இருமினாள்.

சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். "அட, அன்னிக்கு பஸ்ஸுல ஒன்கூட இருந்த தம்பிதானே?"

சாயத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாயியின் கை நின்றது. இவ்வளவு நாளும் அத்தை அவளிடம் மூச்சு விட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எந்த பஸ்ஸு?" என்றாள்.

கம்மத்துக்காரன் நாக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் மைசூர் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன்.