கியோட்டோ நகரில் ஒரு பந்தி

ஜப்பான் தேசத்தின் கியோட்டோ நகரம், கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் தலைநகராக விளங்கியது. கும்பகோணத்தைப் போலவே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில் எதிர்ப்படும் ஊர். மலை சூழ்ந்த சமவெளி, நடுவே காமோ ஆறு, அதிகாலையில் மணியோசை. கும்பகோணத்தைச் சேர்ந்த அறுபத்தேழு வயது அன்பர் ஒருவர், 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 20, சனிக்கிழமையன்று அந்நகரில் தனியே போய் இறங்கினார். ஒசாகாவில் பணிபுரியும் மகனுக்கு அவ்வார இறுதியில் அலுவல் இருந்தது. மனைவியோ முழங்கால் வலியால் ஊரிலேயே தங்கிவிட்டார். ஒசாகாவிலிருந்து கியோட்டோ செல்ல ரயிலில் அரை மணி நேரமே ஆகும்.

அன்பரின் உணவு நெறி சற்றுக் கடுமையானது. பரம்பரைச் சைவர்; அதோடு நில்லாமல், நான்கு ஆண்டுகளாகப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விட்டவர். தாய்ப்பசுவின் முன்னே கன்றை இழுத்துக் கட்டும் காட்சியை ஒரு நாள் கண்டதிலிருந்து அவருக்கு அவை இறங்கவில்லை. நனிசைவம் என்று இப்போது தமிழில் வழங்கும் நெறி இதுதான். பாலாபிஷேகமும் பஞ்சாமிர்தமும் வழிபாட்டின் அங்கமாக உள்ள குடும்பத்தில் இந்நெறியைக் கடைப்பிடிப்பது எளிதன்று. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறரிடம் கொடுத்துவிடுவார். உறவினர் முகம் வாடும்.

நண்பகலில் பசி மிகுந்தது. நிலையத்துக்கு அருகே ஒரு சிறு கடையில் உடோன் என்னும் தடித்த கோதுமை இழைகளை வடிசாற்றில் இட்டு, மேலே பொரித்த டோஃபு வைத்துத் தருவதைக் கண்டார். கைப்பேசியின் மொழிபெயர்ப்பைக் காட்டி, இறைச்சி உண்டா என்று வினவினார். இல்லை என்று பணிவோடு தலையசைத்தார் கடைக்காரர். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. பொன்னிறமாய்த் தெளிந்திருந்த சாற்றைக் கடைசிச் சொட்டு வரை பருகிவிட்டு எழுந்தார் அன்பர்.

பிற்பகல் நிஷிக்கி அங்காடி. சுமார் 390 மீட்டர் நீளம். இருவர் ஒதுங்கி நடக்கும் அகலம். தலைக்கு மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் கூரை. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். கியோட்டோவின் அடுக்களை என்றே ஊரார் இதை அழைப்பர். மரத்தொட்டிகளில் அரிசித் தவிட்டில் புதைத்த ஊறுகாய்கள், சோயாப் பாலைக் காய்ச்சும்போது படியும் ஏட்டை எடுத்து உலர்த்திய யுபா, அப்போதுதான் அகழ்ந்தெடுத்த மூங்கில் குருத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்து வந்தார். பாலின்றியே ஏடு என்பது அவருக்குப் பெருவியப்பு.

ஒரு கடையில் கருங்காலித் துண்டுகள் போலச் சில கட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஏதோ மருந்து மரம் போலும் என்று ஒன்றைக் கையில் எடுத்தார். கல்லைப் போன்ற கடினம். கடைக்கார மூதாட்டி மற்றொரு கட்டையை எடுத்து இழைப்புளியில் தேய்க்க, தச்சன் பட்டறையில் விழுவதைப் போல மெல்லிய சுருள்கள் உதிர்ந்தன. மணம் எழுந்தது. நண்பகல் கிண்ணத்தில் எழுந்த அதே மணம். அன்பர் கட்டையைக் காட்டிக் கையை விரித்தார். மூதாட்டி தம் உள்ளங்கையில் விரலால் ஒரு மீனை வரைந்து காட்டினார்.

அது சூரை மீன். வேகவைத்துப் புகையூட்டி, மரமென இறுகும்வரை உலர்த்தப்படுவது. கட்சுஒபுஷி என்பது அதன் பெயர். ஜப்பானியர் சமையலில் ரசத்துக்குப் புளியும் பருப்புநீரும் எவ்வளவு அடிப்படையோ அவ்வளவு அடிப்படை இதன் வடிசாறு. தென்மு என்னும் பேரரசர் கி.பி. 675-இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை விலக்கி ஆணையிட்டார். மீன் அந்த ஆணையில் இல்லை. ஆகவே இறைச்சி இல்லை என்ற சொல்லுக்கு அங்கே மீனும் இல்லை என்று பொருளாகாது. கண்ணுக்குத் தெரியும் துண்டை ஒதுக்கிவிடலாம். நீரில் கரைந்துவிட்டதை என் செய்வது?

அன்பருக்கு வயிறு புரண்டது. விடுதிக்குத் திரும்பிக் குளித்தார், நெற்றிக்கு நீறிட்டார், நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் கீழே சென்று, விடுதியின் பணிப்பெண்ணிடம் ஒரு சீட்டில் ஜப்பானிய மொழியில் எழுதித் தருமாறு வேண்டினார்: இறைச்சி, மீன், முட்டை, பால், தேன். அந்தப் பெண் எழுதி முடித்து, சற்று யோசித்து, கேளாமலே ஆறாவதாக ஒரு வரியைச் சேர்த்தார்: மீன் வடிசாறும் ஆகாது. இரவு வாழைப்பழமும், உப்பிட்டு வேகவைத்த பச்சைச் சோயாக் காய்களும்தாம் உணவு.

ஊரில் விளக்கேற்றும் நேரம். மனைவியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். “தெரியாமல் நடந்ததற்கு ஏன் இத்தனை கலக்கம்? சுவாமிக்குத் தெரியும். நாளைக்காவது வாய் திறந்து கேட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில்தான் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை” என்றார் அவ்வம்மையார். பின்பாதியை அன்பர் அப்போது பொருட்படுத்தவில்லை.

மறுநாள் ஞாயிறு, மாதத்தின் 21-ஆம் தேதி. கியோட்டோவுக்கு அது விசேஷ நாள். கூகாய் என்னும் மகான் கி.பி. 835-இல் மூன்றாம் மாதத்து 21-ஆம் நாள் முக்தியடைந்தார். அதை நினைந்து, அவர் பொறுப்பேற்று நடத்திய தோஜி கோயிலின் வளாகத்தில் மாதந்தோறும் அத்தேதியில் பெருஞ்சந்தை கூடுகிறது. கூகாய் சீனத் தலைநகர் சென்று வடமொழி பயின்றவர். ஐந்து நிலைகளோடு சுமார் 55 மீட்டர் உயர்ந்து நிற்கும் மரக்கோபுரத்தின் அடியில், பழந்துணி, பாத்திரம், செடி, ஊறுகாய், ஊதுவத்தி என்று கடைகள் விரிந்திருந்தன. காலை ஏழு மணிக்கே கூட்டம் நெரிந்தது.

பட்டுக் கிமோனோக்களைக் குவியலாய்ப் போட்டு மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு ஒரு பட்டுத் துணி வாங்க அவர் கை நீண்டது. பிறகு பட்டுப்புழுவின் நினைவு வந்தது. பட்டுடுத்துவதைத் தவிர்க்குமாறு காஞ்சி மகா பெரியவர் வலியுறுத்தி வந்ததும் நினைவில் எழுந்தது. கை மீண்டது. நீலச் சாயமிட்ட பருத்தித் துண்டுகள் இரண்டு வாங்கினார். ஊதுவத்திக் கடையில் மைசூர்ச் சந்தனத்துக்கு அங்கே உள்ள மதிப்பைக் கண்டு மகிழ்ந்தார், வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்த பொருளை விலை கொடுத்து ஊருக்கே எடுத்துச் செல்வானேன் என்பது அவர் கணக்கு.

அக்கோயிலின் போதனை மண்டபத்தில் 21 திருமேனிகள் உள்ளன. கி.பி. 839-இல் பிரதிஷ்டை ஆனவை. புத்தர்களும் போதிசத்துவர்களும் நடுவே வீற்றிருக்க, ஒரு பக்கம் நான்முகன் அன்னங்களின்மேல் அமர்ந்திருக்கிறார். மறுபக்கம் இந்திரன் யானைமேல். அவர்களுக்கு அங்கே போன்டென், தைஷாகுடென் என்று பெயர். பெயர் வேறாயினும் வாகனம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. முதல் நாள் நேர்ந்ததை அன்பர் அங்கே நின்று மனத்துக்குள் முறையிட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நிலையத்துக்கு நடந்து, ரயிலேறி, நகரின் மேற்கே அராஷியாமாவை அடைந்தார். அங்கே 1339-இல் நிறுவப்பட்ட தென்ர்யூஜி கோயிலின் வளாகத்துக்குள் ஷிகெட்சு என்னும் உணவுக்கூடம் உள்ளது. மகன் முன்கூட்டியே இடம் பதிந்திருந்தார். பாய் விரித்த கூடத்தில் வரிசையாய் அமரும் பந்தி. சிவந்த அரக்குக் கிண்ணங்களோடு தட்டு வந்தது. அன்பர் சீட்டை நீட்டினார். பரிமாறிய பெண் ஒவ்வொரு வரியாய்ப் படித்து, ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையசைத்தார். சீட்டில் எழுதாத வெங்காயமும் பூண்டும்கூட அங்கே இல்லை. ஷோஜின் என்னும் அந்த மடாலயச் சமையலில் நெடியுள்ள ஐந்து பூண்டு வகைகளும் விலக்கு. ஏகாதசிக்கும் சிராத்தத்துக்கும் வெங்காயம் சேர்க்காத வீட்டிலிருந்து வந்தவருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய வெண்ணிறக் கட்டி, மூங்கில் குருத்து, யுபா, சோறு, ஊறுகாய், சூடான சாறு. சாற்றைத் தொடத் தயங்கினார். அது கொம்பு வடித்த சாறு. பெயரைக் கேட்டு மாட்டுக் கொம்போ என்று அஞ்ச வேண்டியதில்லை. கொம்பு என்பது கடற்பாசி. கியோட்டோவில் பிறந்த இகெடா கிகுனாயே என்னும் வேதியியலார் 1908-இல் இதன் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அஜினோமோட்டோ என்று கடைகளில் விற்பது அவ்வாறு பிறந்ததே. தயாரித்த உப்பைப் பற்றி எவர் என்ன கருதினாலும், மூலப்பாசியின் சாறு மிக மென்மையானது. அன்பர் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்திப் பருகினார்.

இத்தகைய சமையலைக் குறித்து அங்கே வழங்கும் ஒரு வரலாறு உண்டு. 1223-இல் டோகென் என்னும் இளந்துறவி சீனத் துறைமுகத்தில் கப்பலில் தங்கியிருந்தபோது, அறுபத்தொரு வயது முதியவர் ஒருவர் உலர்ந்த காளான் வாங்க வந்தார். அசோக மன்னர் பெயர் தாங்கிய மலையிலுள்ள மடத்தின் சமையற்காரர். வெகுதூரம் நடந்து வந்தவர். இரவு தங்கிச் செல்லுமாறு டோகென் வேண்டினார். மறுநாள் விருந்து, தாம் இல்லாவிடில் ஆகாது என்று முதியவர் மறுத்தார். இந்த வயதில் தியானமும் சாத்திரமும் இருக்க அடுப்படி வேலை எதற்கு என்று இளையவர் கேட்டபோது அவர் சிரித்தாராம். சமைப்பதே அவருக்குச் சாதனை. டோகென் 1237-இல் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் தென்ர்யூஜியின் கிளையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அறுபத்தொன்று என்ற வயது அன்பரைத் தைத்தது. மனைவிக்கும் அதே வயது. நான்கு ஆண்டுகளாகக் கிருஷ்ண ஜயந்திக்கும் பொங்கலுக்கும் பூஜைக்கு நெய்யும் பாலுமாய் ஒரு பாயசம், பிறகு தனி உருளியில் தேங்காய்ப்பாலில் மற்றொன்று. இரண்டாவது எப்போது செய்யப்படுகிறது, எத்தனை மணிக்கு அவர் எழுகிறார், முழங்கால் வலியோடு எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அன்பர் ஒருநாளும் கேட்டதில்லை. இலையில் வந்தது, உண்டார்.

மாலையில் மீண்டும் நிஷிக்கிக்குச் சென்று, கடையடைக்கும் நேரத்தில் ஒரு கட்டுக் கொம்பும், உலர்ந்த காளான் ஒரு பொதியும் வாங்கினார். முந்தைய நாள் மூதாட்டி அடையாளம் கண்டு வணங்கினார். ஜப்பானில் ரயிலுக்குள் தொலைபேசியில் பேசுவது வழக்கமில்லை. ஆகவே நிலைய மேடையில் நின்றபடியே மனைவியை அழைத்தார்.

“தேங்காய்ப்பால் எடுக்க எவ்வளவு நேரமாகிறது?”

மறுமுனையில் சிறிது மௌனம், பிறகு சிரிப்பு. “நான்கு வருஷம் கழித்து, அதுவும் ஜப்பானிலிருந்தா கேட்கத் தோன்றியது?” என்றவர், தேங்காய் துருவுவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாய்ச் சொல்லலானார். ஒசாகா செல்லும் ரயில்கள் இரண்டு வந்து போயின. அன்பர் ஏறவில்லை.