கைராசியும் கணக்கும்

கருவியைக் கையாளக் கற்றவன் ஒருவன். அக்கருவி இயங்கும் காரணத்தைக் கற்றவன் வேறொருவன். எந்திரம் நன்றாக ஓடும்வரை இவ்விருவர்க்கும் வேற்றுமை தெரிவதில்லை. அது முரண்டு பிடிக்கும் நாளில்தான் முன்னவன் திகைத்து நிற்பான். பின்னவன் மூடியைக் கழற்றுவான். மலாயாத் தோட்டங்களில் நம்மவர் பல தலைமுறையாக முதல் வகையினராகவே வைக்கப்பட்டிருந்தனர். கயிற்றை இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தாரில்லை. இதை ஒரு சிறு பொருளைக்கொண்டு விளக்க விரும்புகிறேன். அது பழைய சங்கிலி ரம்பத்தில் தீப்பொறி விழும் நேரம்; பட்டறை வழக்கில் ‘டைமிங்’.

தேயிலை மலைக்கும் மரம் அறுக்கும் எந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நகரத்து வாசகர் வினவலாம். கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அது இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரம். ஒருவரே ஏந்தக்கூடிய ரம்பம் 1950-இல் அந்நிறுவனத்திலிருந்து வந்தது; 1959-இல் ‘காண்ட்ரா’ என்னும் இலேசான வகை வெளிவந்தது. மலையில் கனமழை பெய்தால் சரிவு இடியும்; மரம் சாய்ந்து தோட்டத்துப் பாதையை அடைக்கும். பறித்த கொழுந்தோ சாக்கில் நெடுநேரம் கிடந்தால் சூடேறிக் கெடும். எத்தனையோ பேருடைய ஒரு நாள் உழைப்பு ஆலையைச் சேர்வதும் சேராததும் அப்போது ஒரு ரம்பத்தைப் பொறுத்ததாகிவிடும்.

அந்த ரம்பத்தின் உள்ளே நடப்பது என்ன? சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடக்கும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்வரை அம்மின்சாரம் அமைதியாய்ச் சுற்றிவரும். அவை பிரியும் கணத்தில் ஓட்டம் அறுபட்டு, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கின் இடைவெளியைப் பொறியாய்த் தாண்டும். ராபர்ட் பாஷின் பட்டறையில் கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோவின் தத்துவம் இதுவே. ஆகவே பாயிண்ட் எப்போது பிரிகிறதோ அப்போதுதான் பொறி.

பிஸ்டன் உச்சியை அடைந்தபின் பொறி விழுந்தால் போதாதா எனின், போதாது. பெட்ரோல் ஆவி முழுவதும் ஒரே கணத்தில் எரிவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் வேண்டும். நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடும் எந்திரம் 25 பாகை திரும்ப ஒரு வினாடியில் 1440-இல் ஒரு பங்கே எடுத்துக்கொள்கிறது. ஆதலால் உச்சிக்கு ஏறத்தாழ அவ்வளவு பாகை முன்னதாகவே பொறி விழவேண்டும். பிஸ்டனின் அளவில் சொன்னால், உச்சிக்கு இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் கீழே. எந்திரத்துக்கு எந்திரம் இது மாறும். செய்தவர் தந்த குறிப்பேட்டில் காணும் எண்ணே சரியான எண்.

இனி, கெடுவது எப்படி? பாயிண்டில், சுழலும் தண்டை உரசிக்கொண்டிருக்கும் சிறு குதிகால் ஒன்று உண்டு. அது நாளடைவில் தேயும். தேயத்தேயப் பாயிண்டின் இடைவெளி குறுகும், பிரிவது தாமதமாகும், பொறி பிந்தும். பொறி பிந்தினால் எந்திரம் சூடேறிப் பலம் குன்றும். இது ஒரே நாளில் நிகழாமல் மாதக்கணக்கில் நிகழ்வதால் எவரும் கவனிப்பதில்லை. ‘பெட்ரோல் சரியில்லை’ என்பார் ஒருவர். ‘கண்ணேறு’ என்பார் மற்றொருவர். ‘மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார் இன்னொருவர். கடைசிக் கூற்றில் பாதி உண்மை உண்டு. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுவதால் பலம் குறையத்தான் செய்யும். அதற்குப் பரிகாரம் கார்புரேட்டரின் திருகில் இருக்கிறது. ஆனால் மலைக்காற்று எந்திரம் வந்த முதல் நாளிலேயே மெல்லியதாகத்தானே இருந்தது? மாதந்தோறும் பலம் குறைந்துவந்தால் அக்குற்றத்தை மலையின்மேல் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

தானா ராத்தாவுக்கு அருகே ஒரு சிறு பட்டறையில் ஆயுத பூசையன்று நான் கண்டது நினைவுக்கு வருகிறது. பழைய ரம்பம் ஒன்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முந்திய வாரத்தில் அதன் கயிறு வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து ஓர் இளைஞனின் மணிக்கட்டை முறித்திருந்தது. “அது காவு கேக்குதுங்க ஐயா” என்றான் அவனுடைய கூட்டாளி. பட்டறைப் பெரியவர், “காவு கேக்கல தம்பி, கணக்குக் கேக்குது” என்று சொல்லி மூடியைக் கழற்றினார்.

பலம் கூடுமென்று எண்ணி யாரோ பாயிண்டைத் தாங்கும் தட்டை அளவின்றித் திருப்பியிருந்தார்கள். பொறி மிகவும் முந்திவிட்டது. கயிற்றை இழுக்கையில் எந்திரம் மெதுவாகத்தான் சுற்றும். பிஸ்டன் உச்சிக்கு ஏறுமுன்பே தீ அதனைக் கீழே தள்ளினால், தண்டு எதிர்த்திசையில் திரும்பிக் கயிற்றோடு கையையும் இழுக்கும். முறிந்த மணிக்கட்டின் வரலாறு இவ்வளவே.

பெரியவர் முதலில் சக்கரத்தைத் தண்டில் நிலைநிறுத்தும் சிறு சாவி அறுபட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பாயிண்டைத் துடைத்து, அது முழுவதும் விரிந்த நிலையில் இடைவெளியை அளந்து 0.4 மில்லிமீட்டர் வைத்தார். இடைவெளி மாறினால் நேரமும் மாறுமாதலால் இதுவே முதல் வேலை. பிளக்கின் துளையில் அளவியைச் செருகிப் பிஸ்டனின் உச்சியைக் கண்டார். சக்கரத்தைச் சிறிது பின்னே கொண்டுபோய், ஓடும் திசையில் மெல்லத் திருப்பி, உச்சிக்குக் கீழே குறிப்பேடு சொல்லும் அளவில் நிறுத்தினார். சக்கரத்திலுள்ள துளை வழியாகப் பாயிண்டின் இடையே மெல்லிய சிகரெட் தாளைச் செருகி, அதன் நுனியை அந்தப் பையன் கையில் கொடுத்தார். தாள் பிடிபட்டிருந்தால் பாயிண்ட் இன்னும் பிரியவில்லை. எளிதில் வந்துவிட்டால் முன்பே பிரிந்துவிட்டது. நிறுத்திய அவ்விடத்திலேதான் தாள் நழுவத் தொடங்கவேண்டும். தட்டைத் தண்டு சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அத்திசையிலேயே திருப்பினால் பிந்தும். சக்கரத்தைப் பலமுறை கழற்றி மாட்டியபின் தாள் உரிய இடத்தில் நழுவிற்று. கயிற்றை இழுத்தார்கள்; எந்திரம் பின்னிழுக்காமல் கிளம்பிற்று.

இதில் நான் பெரிதாகக் கருதுவது எந்திரம் கிளம்பியதையன்று. தாளின் நுனி பையன் கையில் கொடுக்கப்பட்டதையே. நம்மவரில் கைதேர்ந்தோர் பலர் மூடியைக் கழற்றும்போது சிறுவர்களைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவார்கள். வித்தை வெளிப்பட்டால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சம்! பிறகு அதற்குக் ‘கைராசி’ என்று பெயர். பிறப்பைக் காட்டிக் கல்வியை மறைத்த கொடுமையை எதிர்த்துப் பேசும் நாம், பட்டறைக்குள் அதே கொடுமையைச் செய்யலாமா? 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து பரப்பிய பகுத்தறிவு, மேடைக்கு மட்டும் உரியதன்று, பட்டறைக்கும் உரியது. அவருடைய நண்பரான கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டியே எந்திரக்கலையைக் கற்றார். கல்லூரிப் பட்டம் அவரிடம் இல்லை. காரணம் அறியும் வேட்கை இருந்தது.

கருவியை மதிப்பது குற்றமன்று. ஆனால் மதிப்பின் முதற்படி தேய்மானத்தைப் பார்ப்பது. சந்தனம் அதற்கு ஈடாகாது.

இன்றைய ரம்பங்களில் பாயிண்ட் இல்லை. மின்னணுச் சில்லே பொறியை விடுகிறது. தேயிலைச் சரிவுகளிலும் இன்று வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் பலர் உழைக்கின்றனர். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கையிலும் கயிறு மட்டுமே கொடுக்கப்படுகிறது. அறிந்தவர்கள் அவர்களையும் நம் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, மூடியைக் கழற்றிக் காட்டுவார்களாக. ஒருவன் மணிக்கட்டு முறியாமல் காப்பது அந்த அறிவேயன்றி எலுமிச்சம்பழமன்று.